தலைகீழாகப் புதைத்த போத்துகள்

பயப்படுவதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு முழு மனதோடு செய்தவர் யார் என்று லாங்வோ கிராமத்தில் கேட்டால் எல்லோரும் யுன்சியாவைத்தான் காட்டுவார்கள். நாய்க்குப் பயம், அதைவிட வாத்துக்குப் பயம். இடி இடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுச் சுவர் மூலையில் போய் நிற்பாள். கிராமத்துக் கம்பத்தில் ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கினாலே தன் பெயரைத்தான் சொல்லப்போகிறார்கள் என்று கை சில்லிட்டுவிடும்.

கல்யாணமாகி வந்த அன்று, உறைந்து கிடந்த சாங்கான் ஆற்றைக் கழுதை வண்டியில் கடக்க வேண்டியிருந்தது. பனிப்பாளம் உடைந்துவிடும் என்று மணப்பெண் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டாள். சிவப்புக் கோட்டும் புதுத் துணிச்செருப்புமாக, ஒவ்வோர் அடியையும் அழுத்திப் பார்த்து, வண்டிக்குப் பின்னால் நடந்தே அக்கரை போய்ச் சேர்ந்தாள். வண்டியை ஓட்டிய மாப்பிள்ளை மான்தாங் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "உடைஞ்சா முதல்ல கழுதைதான் போகும், அப்புறம் நான். உனக்கு என்ன கவலை?" என்றான். அவளுக்கு அதுவே புதுக் கவலையாகிவிட்டது.

மான்தாங் நேர் எதிர். எதற்கும் பயப்படாதவன், எதையும் யோசிக்காதவன். எது கோணலாக இருந்தாலும் கை தானாகப் போய் நிமிர்த்தும். அடுத்த வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நிற்பான். அவனும் அவளும் மகள் ருய்யுமாக மேற்குத் தெருவின் கடைசிக்கு முந்தின வீட்டில் குடியிருந்தார்கள். ருய் மாவட்டப் பள்ளியில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்ட பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான்.

தெருவின் கடைசி வீட்டுக்கு அப்பால் முன்பு பாப்லர் மரங்கள் வரிசையாக நின்றன. மேற்கே ஆற்று மணல் குன்று குன்றாகக் கிடந்தாலும் மரங்கள் காற்றைத் தடுத்து, மணலைக் கிராமத்துக்குள் விடாமல் வைத்திருந்தன. பிறகு வண்டு வந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும், உடம்பைவிட நீண்ட மீசையும் கொண்ட வண்டு. மரத்துக்குள் துளை போட்டு உட்கார்ந்து தின்றது. அடிமரத்தைச் சுற்றி மரத்தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. பரவாமல் இருக்க மரங்களை வெட்டி எரிக்கும்படி மேலே இருந்து உத்தரவு வந்தது. இரண்டு இலையுதிர் காலங்களில் வரிசை முழுவதும் போயிற்று. அதற்கு அடுத்த வசந்தத்தில் மணல் கிளம்பியது.

மணல் ஓடி வரவில்லை. அது வருவதே தெரியாது. காலையில் எழுந்தால் மேற்குச் சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும். யுன்சியா மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் சுமந்து கொட்டுவாள். மறுநாள் அதே இடத்தில் அதே மணல். கடைசி வீட்டு ஃபாங் குடும்பம் தோற்றுப்போய்ப் பேயாதோ நகரத்தில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டது. ஆளில்லாத அந்த வீட்டை மணல் இரண்டே வருடத்தில் விழுங்கியது. ஆடுகள் சரிவில் ஏறிக் கூரைமேல் நடந்தன. புகைக்கூண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் யுன்சியாவின் கண் அந்தப் புகைக்கூண்டுக்கே போகும். அடுத்தது நம் வீடு என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வண்டு தொடாத பாப்லர் ஒன்று இருந்தது: வெள்ளைப் பாப்லர். சாதாரணப் பாப்லரின் கிளையை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும், வேர்விட்டுவிடும். வெள்ளைப் பாப்லர் அப்படியில்லை. வேர்விடுவதென்றால் அதற்கு அவ்வளவு பிடிவாதம். இரண்டு முறை கிராமத்தார் நட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும், வெட்டி நட்ட கிளைத் துண்டுகளான போத்துகள் துளிர்த்தன. முதல் வருடம் துளிரைப் பார்த்து ஆடு வெட்டிச் சாப்பிட்டார்கள். அந்தக் கறி செரிப்பதற்குள் இலைகள் எல்லாம் சுருண்டு பழுப்பாகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு நூல் வேர்கூட இல்லை. வெட்டிய குச்சிக்குள் மிச்சமிருந்த சாற்றில்தான் இலை வந்தது. சாறு தீர்ந்ததும் செத்தது. அதற்குக் கிராமத்தில் 'பொய் உயிர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது முறை மாவட்ட நாற்றுப்பண்ணை போத்துகளைக் கொடுத்தபோது, இதுதான் கடைசி என்று சொல்லித்தான் கொடுத்தது. கிராமத் தலைவர் லுவான் கூட்டம் போட்டார். பாப்லர் மரம் போல நெடுநெடுவென்று இருப்பார். பேச்சும் நேராகத்தான் இருக்கும். கோடை தொடங்கும்போது வருகிற ஐந்தாம் மாத விழாவன்று தானே வயலுக்கு வந்து பார்ப்பதாகவும், போத்துகள் பிழைத்திருந்தால் மேற்குத் தெரு இருக்கும் என்றும், இல்லாவிட்டால் அங்குள்ள குடும்பங்கள் குளிர்காலத்துக்கு முன்பே உவர்மேட்டுக்குக் குடிபோக வேண்டும் என்றும் சொன்னார். உவர்மேட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கழுதைகூடக் குடிக்காது.

மறுநாள் காலை ஒலிபெருக்கி கரகரத்தது. யுன்சியா பயந்தபடியே அவள் பெயர் வந்தது.

கல்யாணத்துக்கு முன் அவள் நாற்றுப்பண்ணையில் போத்துக் கட்டும் வேலைக்குப் போயிருந்தாள் என்பது லுவானுக்கு எப்படியோ நினைவிருந்தது. அவள் மறுத்தாள். தனக்கு ஒன்றும் தெரியாது, கட்டு மட்டும்தான் கட்டினேன் என்று சொல்லிப் பார்த்தாள். தெரிந்தவர்கள் செய்துதான் இரண்டு முறை செத்தது, தெரியாதவர் ஒரு முறை செய்து பார்க்கட்டும் என்று அவர் முடித்துவிட்டார்.

உண்மையில் அவளுக்கு ஒன்று தெரியும். பண்ணையில் பிடிவாதக்காரப் போத்துகளை வசந்தம் தொடங்கும்போது மணல் குழியில் தலைகீழாகப் புதைப்பார்கள். நுனி கீழே, வேர்விட வேண்டிய அடிப்பக்கம் மேலே. குளிர்காலம் முடியும்போது வெயில் மேல் மணலை மட்டும்தான் சூடாக்கும். ஆழத்தில் இன்னும் பனிக்குளிர் இருக்கும். சூடு பட்ட அடிப்பக்கம் வேருக்குத் தயாராகும். குளிரில் கிடக்கும் மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். வேர் முந்திக்கொண்டால் போத்து பிழைத்தது. துளிர் முந்திக்கொண்டால் பொய் உயிர்தான். அவள் இதைச் செய்ததில்லை, பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அதனால்தான் அவள் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் எல்லாம் செத்துப்போனால் சொன்ன சொல்லும் சேர்ந்து சிரிப்பாய்ச் சிரிக்குமே என்று பயந்தாள்.

குழி எங்கே போடுவது என்பதில் இன்னொரு சங்கடம் இருந்தது. நாளெல்லாம் வெயில் விழும் தெற்குப் பார்த்த சுவர் வேண்டும். பள்ளிக்கூடச் சுவரடியில் பிள்ளைகள் மிதிப்பார்கள், அலுவலகச் சுவரடியில் ஆடு மேயும். கடைசியில் யுன்சியாவின் முற்றம்தான் சரி என்று ஆயிற்று. பாப்லரை யாரும் வீட்டு முற்றத்துக்குள் விடுவதில்லை. காற்றே இல்லாத நேரத்திலும் அதன் இலைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். பேய் கைதட்டுகிறது என்பார்கள். வீட்டுக்குள் வைத்தால் ஆள் போவது நிச்சயம் என்பது ஊர் நம்பிக்கை. மற்றவர்கள் பாதி நம்புவார்கள். யுன்சியா முழுதாக நம்பினாள். நம்பிக்கொண்டேதான் குழி வெட்டினாள்.

போத்துகளைக் கட்டுக் கட்டாக அவள் இறக்குவதை எதிர்வீட்டு சாய் அண்ணி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் வாய்க்கு ஊரே ஒதுங்கும்.

"பேயை முத்தத்துல கொண்டாந்து வெச்சதும் இல்லாம, தலைகீழா வேற நட்டிருக்கியே. இனிமே அது கைக்குப் பதிலா காலையா தட்டும்?"

யுன்சியா ஈர மணலைப் போட்டு மூடி, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினாள். மான்தாங் என்ன ஏது என்று கேட்டதற்கும், "கிடக்கட்டும். தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் போல ஆகியிருக்கும். அவளுடைய அக்காவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் பிரசவமாயிற்று. வயதான காலத்தில் வந்த பிள்ளை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. போகாமல் இருக்க முடியாது. போகும்போது குழிக்கு எப்போது தண்ணீர் தெளிப்பது, வெயில் இறங்கியதும் எப்போது வைக்கோல் பாய் போட்டு மூடுவது என்றெல்லாம் கணவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தலைகீழைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொடாதீங்க என்று சொன்னதே போதும் என்று இருந்துவிட்டாள்.

அக்கா வீட்டில் தினைக் கஞ்சி காய்ச்சிக்கொண்டும் துணி அலசிக்கொண்டும் இருந்த வாரம் முழுவதும் அவள் நெஞ்சு குழிக்குள்தான் கிடந்தது. காற்று அடித்தால் தாள் பறந்திருக்கும் என்று பயம். அடிக்காவிட்டால் உள்ளே சூடேறியிருக்கும் என்று பயம். இவ்வளவு நினைத்தவள், நடந்ததை மட்டும் நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது மான்தாங் வாசலிலேயே நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவள் மூட்டையை வாங்கிக்கொண்டு நேராகக் குழிக்கு அழைத்துப் போய், தாளை ஓரமாக விலக்கினான்.

மணல் முழுவதும் பச்சைப் புள்ளி. ஒவ்வொரு போத்தின் நுனியிலும் மொட்டு வெடித்து, நகக்கண் அளவு துளிர் மடிப்பு விரிந்துகொண்டிருந்தது.

யுன்சியா அப்படியே குழிக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே இருக்க வேண்டியது அடிப்பக்கம். அவள் கண்ணெதிரே இருந்ததோ நுனி.

"யாரு திருப்பினது?"

"நான்தான்" என்றான் மான்தாங் பெருமையோடு. செக்குக்காரர் கடையில் எல்லோரும் சிரித்ததாகச் சொன்னான். உன் பெண்டாட்டி குச்சியின் தலை எது கால் எது என்று தெரியாமல் புதைத்துவிட்டாளாம் என்று சாய் அண்ணியின் புருஷன் நடித்தே காட்டினானாம். பாவம், பயத்தில் தலைகால் புரியாமல் செய்துவிட்டாள், இவள் திரும்பி வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் சரிபண்ணி வைத்துவிடுவோம் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாக நிமிர்த்தி வைத்திருக்கிறான். அடுக்கி வைத்திருந்த அழகைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

"பாரு, எப்படித் துளிர்த்திருக்கு! நீ வெச்ச மாதிரியே கிடந்திருந்தா ஒண்ணாவது வந்திருக்குமா?"

வேண்டுமென்று கெடுத்திருந்தால் திட்டலாம். இவன் அவளுடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அவள் ஒரு போத்தை உருவி அடியைப் பார்த்தாள். வெட்டிய இடம் வெட்டிய அன்று போலவே வழுவழுவென்று இருந்தது. வேருக்கு முந்தி வரும் வெள்ளைத் தடிப்பு கொஞ்சம்கூட இல்லை. புதிதாக வெட்டி வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தூங்கும் கிளையில்தான் போத்து வெட்ட வேண்டும். இப்போது மரங்களில் சாறு ஏறத் தொடங்கிவிட்டது.

சுவருக்கு மேலே மணல் மேடும், அதற்கு மேலே ஃபாங் வீட்டுப் புகைக்கூண்டும் தெரிந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ருய் அப்பா, குளிர்ல நீங்க எப்படிப் படுப்பீங்க?"

"இதென்ன கேள்வி?"

"அடுப்புச் சூடு ஏறுற படுக்கையில காலு சூடா இருந்தா தூக்கம் வரும். தலை சூடானா?"

"காய்ச்சல்."

"இதுக்கெல்லாம் இப்போ காய்ச்சல்" என்றாள் அவள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். மான்தாங் கேட்கக் கேட்க அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு காணாமல் போயிற்று. யுன்சியா அந்த முகத்தில் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை. பார்த்ததும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. இந்த வீட்டில் பயப்படாத ஆள் ஒருத்தராவது இருக்கிறார் என்று அத்தனை வருடம் சாய்ந்திருந்த சுவர் அது.

"ஏன்டி முதல்லயே சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பயமா இருந்துச்சு."

அவன் கழுதையைப் பூட்டப் போனான். மலைக்குப் பின்னால் வெயில் நுழையாத பள்ளத்தில் அப்போதும் பனிக்கட்டி கிடந்தது. அதை வெட்டி வந்து குழிக்கு அடியில் பரப்பலாம், மொட்டுகள் மறுபடி தூங்குமா பார்க்கலாம் என்று சொன்னவள் அவள்தான். பண்ணையில் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. அதையும் சொன்னாள். மான்தாங் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

அவன் பனிக்கட்டி கொண்டு வருவதற்குள் அவள் போத்துகளை எல்லாம் வெளியே எடுத்தாள். வெடித்த துளிர்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்து உதிர்த்தாள். அதற்குக் கீழே இன்னும் விழிக்காத மொட்டுகள் இருந்தன, அவைதான் இனி நம்பிக்கை. பச்சைத் துளிரை உதிர்ப்பது கோழிக்குஞ்சின் கழுத்தைத் திருகுவது போல இருந்தது. விரல் நுனியில் பிசினும் கசந்த வாசனையும் ஒட்டிக்கொண்டன. பிறகு கட்டுகளை வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டாள். வேரைத் தடுக்கும் ஏதோ கசப்பு பட்டையில் இருக்கிறது, ஓடும் தண்ணீரில் அது கரைந்து போகும் என்று பண்ணையில் பேசிக்கொள்வார்கள்.

வண்டி வந்ததும் குழியின் அடியில் பனிக்கட்டி, அதன்மேல் மணல், அதன்மேல் மறுபடியும் தலைகீழாகப் போத்து. மேலே மெல்லிய மணலும் மட்கிய கழுதைச் சாணமும் தாளும். மான்தாங் தினமும் பள்ளத்துக்குப் போய்வந்து குழியோரமாகப் பனிக்கட்டியை இறக்கினான். சாய் அண்ணி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, பேய்க்குச் சர்பத் போட்டுக் கொடுக்கிறார்களா என்று கேட்டாள். மான்தாங் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கட்டியை இறக்கினான்.

அந்த நாட்களில் யுன்சியாவுக்கு எல்லாவற்றையும்விடத் தன் கையைப் பார்த்துத்தான் பயம். ஒரு போத்தை உருவி அடியைப் பார்க்க வேண்டும் என்று கை அரிக்கும். தடிப்பு வந்திருக்கிறதா? வெறும் அழுகலா? உருவினால் ஆடும், ஆடினால் வரப்போகிற வேர் கெடும். பார்க்காமல் இருந்தால் அவள் செத்துவிடுவாள் போல இருந்தது. பார்த்தால் அது செத்துவிடும். ஒரு நாள் தாங்க முடியாமல் ஓரத்திலிருந்த ஒன்றை உருவினாள். வெட்டுவாயில் வெந்த அரிசி போல வெள்ளையாக ஒரு விளிம்பு கட்டியிருந்தது. திரும்ப வைக்கும்போது கை தட்டி அந்த விளிம்பு உரிந்துவிட்டது. அதன்பிறகு குழிப் பக்கம் போகும்போதெல்லாம் கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தலைவர் லுவான் வந்த அன்று அவள் அடுப்படியில் இருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை வந்துவிட்டது, நாளை மறுநாள் நட்டாக வேண்டும், அதற்குப் பிறகு தண்ணீர் கீழ் கிராமத்துக்குப் போய்விடும் என்று வாசலிலேயே சொன்னார். பிறகு உதிர்ந்து காய்ந்த துளிர்கள் முற்றத்தில் கிடப்பதைப் பார்த்தார்.

"இது என்ன?"

யுன்சியா மாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். உண்மையைச் சொன்னால் போத்துகளைப் பிடுங்கிக் கொண்டு போய்விடுவார். சொல்லாவிட்டால் பின்னால் தெரியவரும். அவள் வாய் திறப்பதற்குள் மான்தாங் முன்னால் போய் நின்றான்.

"நான்தாங்கண்ணா. அவ ஒழுங்காத்தான் வெச்சா. நான் அதிகப்பிரசங்கித்தனமா நிமிர்த்தி வெச்சுட்டேன். துளிர்த்துருச்சு. அவதான் உதிர்த்துட்டு மறுபடி வெச்சிருக்கா."

லுவான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கோணலா ஒண்ணைப் பார்த்தா உன் கை சும்மா இருக்காதே. என் மூக்குகூடக் கோணல்தான், வா, நிமித்து."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் குழிப்பக்கம் பார்த்துவிட்டு, அப்புறம் மேற்கே பார்த்துவிட்டு, ஐந்தாம் மாத விழாவன்று வருகிறேன் என்று போய்விட்டார்.

நடவன்று கட்டுகளைப் பிரித்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது; சிலவற்றில் வேர் முனை குத்தூசி போல எட்டிப் பார்த்தது. மீதியில் ஒன்றுமில்லை. ஒதுக்கிவிட யுன்சியாவுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் நட்டார்கள், இந்த முறை தலை மேலே, கால் கீழே. மண்ணில் முதலில் இரும்புக் குச்சியால் துளை போட்டு, விளிம்பு உரியாமல் இறக்கி, சுற்றிலும் காலால் அழுத்தினார்கள். மான்தாங் ஒவ்வொன்றையும் நடுவதற்கு முன் அவளிடம் காட்டி, "இதுல எது தலை?" என்று கேட்டுக் கேட்டு நட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிறகு இலை வந்தது. ஒரு கதகதப்பான வாரத்தில் வரிசை முழுவதும் பச்சை. கிராமமே வேடிக்கை பார்க்க வந்தது. ஆடு வெட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். போன தடவை சாப்பிட்ட ஆடே இன்னும் உறுத்துகிறது என்று இன்னொருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். யுன்சியா மட்டும் வரப்பில் நின்று ஒவ்வோர் இலையையும் பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது வேரின் இலையா, பொய் இலையா என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பச்சை. சில இலைகள் மத்தியானத்தில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தன. தொங்கும்போது, பொய் இலைதான் என்று முடிவு கட்டினாள். நிமிர்ந்தபோது, நாளைக்கு நிமிருமா என்று புதுப் பயம் தொடங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. ஓட்ஸ் மாவு நூடுல்ஸில் வினிகரை ஊற்றிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே வரப்பில் உட்கார்ந்திருப்பாள், அது கட்டியாகும்வரை.

விழாவுக்கு முந்தின நாள் மேற்குக் காற்று கிளம்பியது. பகலிலேயே வானம் மஞ்சளாகிவிட்டது. கதவிடுக்கில் துணியைத் திணித்துக்கொண்டு இருவரும் உள்ளே இருந்தார்கள். மணல் சன்னலில் ஒட்டியிருந்த தாளில் உரசும் சத்தம் நிற்கவே இல்லை. வேரில்லாத போத்தைப் பிடுங்க இந்தக் காற்றில் பாதி போதும் என்று இருவருக்கும் தெரியும். மான்தாங் ஏதாவது பேச வேண்டும் என்று, விழாச் சோற்றுக்குப் பேரீச்சை எவ்வளவு ஊறப்போட்டிருக்கிறாய் என்று கேட்டான். அவள் எழுந்து கதவிடுக்குத் துணியை இன்னும் அழுத்தித் திணித்தாள்.

காலையில் காற்று அடங்கியது. போய்ப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. மேற்குச் சுவரடியில் மணலை அள்ளிக்கொண்டிருந்தாள். தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. லுவானும் அவருக்குப் பின்னால் ஊர் ஜனமும் வயல் பக்கம் போனார்கள். லுவான் விழாவுக்காக நாணல் இலையில் சுற்றி அவித்த பசைத் தினைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே நடந்தார். யுன்சியா மண்வெட்டியோடு பின்னால் போனாள். போகாமலும் இருக்க முடியவில்லை.

வரிசை நின்றுகொண்டிருந்தது. சில போத்துகள் சாய்ந்திருந்தன, சிலவற்றைக் காணோம். மற்றவை கழுத்துவரை மணலில் நின்றன, இலைகள் கிழிந்து, ஆனால் பச்சையாக. லுவான் சோற்று இலையைத் தூக்கி எறிந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முதல் போத்தைப் பிடித்தார். பிடுங்கித்தான் பார்க்கப்போகிறார். வேர் இருக்கிறதா என்று இத்தனை வருடமும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"கைய எடுங்க!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யுன்சியாவும் திரும்பிப் பார்த்தாள், தன் பின்னால் யாரும் இல்லை.

லுவானின் கை போத்தின் மேலேயே நின்றது. "இழுத்தாத்தானே தெரியும், தங்கச்சி?"

"இழுத்தா இருக்கறதும் போயிடும். நூலாட்டம் இருக்கும், அறுந்துடும்." தொடங்கிய பேச்சை அவளால் நிறுத்த முடியவில்லை. "நான் பாக்காம இருந்தேன். இத்தனை நாளும் நான் பாக்காம இருந்தேன். நீங்க வந்து ஒரு இழுப்புல…"

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். சாய் அண்ணி அந்த ஆளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

யுன்சியா மண்டியிட்டாள். மண்வெட்டியை வைத்துவிட்டு, போத்துக்குப் பக்கவாட்டில் விரலால் மணலைத் தோண்டினாள். மேல் மணல் சுட்டது. கீழே போகப் போக ஈரம். கண்ணை மூடிக்கொண்டாள், பார்க்கப் பயந்துதான். விரல் மட்டும் தேடியது. வெட்டுவாயின் விளிம்பு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே ஈரமான, மெல்லிய, நழுவும் ஏதோ ஒன்று விரலில் பட்டது. இன்னொன்று. ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"என்ன?" என்றார் லுவான்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இருக்கு" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். இன்னொன்றைக் காட்டினார். அதற்கு வேர் இல்லை. அடி கறுத்திருந்தது, மேலே மட்டும் அசட்டுப் பச்சை. அடுத்ததற்கு இருந்தது. அதற்கடுத்ததற்கும். இல்லாதவையும் நிறைய இருந்தன. அவர் காட்டக் காட்ட அவள் தோண்டினாள், பார்த்த ஒவ்வொன்றையும் மறுபடி மூடி அழுத்தினாள். மான்தாங் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

கடைசியில் லுவான் நிமிர்ந்து ஃபாங் வீட்டுப் புகைக்கூண்டைப் பார்த்தார். "உவர்மேட்டுக்கு இந்த வருஷம் யாரும் போக வேணாம்" என்றார். "காணாமப் போன இடத்துல அடுத்த வசந்தத்துல நடணும். குழி நீதான் போடறே."

யுன்சியா அப்போதே அடுத்த வசந்தத்துக்குப் பயப்படத் தொடங்கினாள்.

கோடையில் மான்தாங் முற்றத்துக் குழியை மூடப் போனபோது மூலையில் ஒரு போத்து மறந்துபோய்க் கிடந்தது. தலைகீழாகவே கிடந்து, மேலே வேரும் கீழே துளிருமாக, அந்தத் துளிர் மணலுக்குள்ளேயே வளைந்து திரும்பி வெளியே வந்திருந்தது. அவன் கை அதை நோக்கிப் போயிற்று.

"தொடாதீங்க" என்றாள் யுன்சியா உள்ளே இருந்து.

அது இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது, அடியில் ஒரு கோணலோடு. முற்றத்தில் பாப்லர் வைத்திருக்கும் ஒரே வீடு கிராமத்தில் அதுதான். சாய் அண்ணி இன்றுவரை அதன் நிழலில் உட்கார மாட்டாள். யுன்சியாவுக்கும் அதைக் கண்டால் பயம்தான். மத்தியானத்தில் காற்று எழும்பி இலைகள் கைதட்டத் தொடங்கினால் திடுக்கிட்டு எழுந்து கதவைச் சாத்துவாள். சாத்துவதற்கு முன் மேற்குச் சுவரின் அடியை ஒருமுறை எட்டிப் பார்ப்பாள்.